சுரங்கத்துக்குள் போய் வந்த இரண்டு வாட்சுகள்

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் வேண்டாம், மோதிரம் வேண்டாம், பாத்திரம் பண்டமெல்லாம் உங்கள் வசதிப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சொன்னார்கள்.

"பையனுக்கு மட்டும் ஒரு நல்ல பாரின் வாட்சு போட்டுடுங்க. ஸ்போர்ட்ஸ் வாட்சு. டிரில் மாஸ்டரா கீறான் இல்ல, ரொம்ப நாளா அதான் அவன் ஆசை."

அப்பா யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார். நான் அடுப்படியில் கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. வாசலில் அவர் கழற்றி வைத்திருந்த வெள்ளை கான்வாஸ் ஷூவைத்தான் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அவ்வளவு வெள்ளை. அவர்கள் தங்கவயலின் மறுபக்கத்தில் இருந்த கோரமண்டலுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிப் போன பிறகு அம்மா கேட்டாள்.

"ஸ்போர்ட்ஸ் வாட்சுன்னா இன்னாயா?"

"வாட்சுதான். ஆட்டக்காரங்க கட்டறது."

"மத்த வாட்சுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?"

"அத கடைக்காரர் சொல்லுவாரு. நீ ஏன் இப்பவே கலக்கறே?"

அப்பாவுக்கே உள்ளுக்குள் கலக்கம்தான். எங்கள் குடும்பத்தில் வாட்ச் கட்டியவர்கள் கிடையாது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தை ஒட்டி நாங்கள் இருந்த தொழிலாளர் லைனில் எல்லாமே சுரங்கத்துச் சங்கைக் கேட்டுத்தான் நடக்கும். சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவோம், சங்கு ஊதினால் சோறு கட்டுவோம், சங்கு ஊதினால் வாசலுக்கு வந்து நிற்போம். அப்பா தரைக்கடியில் மரவேலை செய்தார். பாறை கீழே இறங்காமல் இருக்கக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. அவரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் எதை வாங்கினாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கீழே தாங்குமா? செருப்பா, சோத்து டப்பாவா, தீப்பெட்டியா, எதுவானாலும் ஒரு ஷிப்டு கீழே போய் வந்தால்தான் அதற்கு மரியாதை. மேலே, வெயிலில், எல்லாப் பொருளும் நன்றாகத்தான் இருக்கும் என்பார் அப்பா.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாண வயது. ஐந்தாவது வரை படித்திருந்தேன். வெளி ஆண்களிடம் நின்று பேசியதே இல்லை.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு வாட்ச் கடை இருந்தது. லைன்காரர் ஒருவருக்காக அப்பா முன்பு அங்கே ஓர் அலாரம் கடிகாரம் வாங்கியதில் கடைக்காரரோடு பழக்கம். அவர் பெங்களூருக்குச் சொல்லி அனுப்பி, இரண்டு வாட்சுகளை வரவழைத்துவிட்டு ஆள் மூலம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். அவர் சிவப்புத் துணி ஒன்றை விரித்து, இரண்டையும் தூங்குகிற குழந்தைகளைக் கிடத்துவதுபோல வைத்தார்.

"ரெண்டும் சுவிஸ். ரெண்டும் ஸ்போர்ட்ஸ்தான். ஆனா குணம் வேற வேற. இத பாருங்க, பக்கத்துல ரெண்டு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினா இந்த மெல்லிசு முள்ளு ஓடும். திரும்ப அமுக்கினா நிக்கும். பசங்க எவ்ளோ நேரத்துல ஓடி முடிச்சாங்கன்னு சொல்லிடும். கீழ் பொத்தானை அமுக்கினா முள்ளு பழைய எடத்துக்கே வந்துடும்."

அவர் அமுக்கிக் காட்டினார். முள் கிளம்பியது, நின்றது, துள்ளித் திரும்பியது. அம்மா 'அய்யோ' என்றாள், ஏதோ உடைந்துவிட்ட மாதிரி.

"இந்த ரெண்டாவது அந்த மாதிரி நளினம் கெடையாது. தடி. ஆனா சாவியே வேணாம். கை அசைஞ்சா அதுவே சாவி குடுத்துக்கும். தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆவாது. கல்லு மேல விழுந்தாலும் ஓடும். இருட்டுல முள்ளு பச்சையா தெரியும். சுத்தி இருக்கற வளையத்தைத் திருப்பி வச்சுக்கினா நிமிஷக் கணக்கு பாக்கலாம்."

"ஓட்டம் பாக்க எது நல்லது?" என்று அப்பா கேட்டார்.

"பொத்தான் வச்சதுதான். அதுக்குன்னே செஞ்சது."

"அதுக்குத் தண்ணி ஆவுமா?"

"ஆவாது. பொத்தான் வழியா உள்ள போயிடும்."

"வேர்வை?"

கடைக்காரர் சிரித்தார். "வேர்வைக்குப் பயந்தா வாட்சே கட்ட முடியாதுங்க."

அந்தச் சிரிப்பு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் காதைத் தடவிக்கொண்டதிலேயே எனக்குத் தெரிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். விரல்களின் தடிமனுக்கு அந்தப் பொத்தான்கள் அகப்படவே இல்லை. கடைசியில் கடைக்காரரே வழி சொன்னார். "ரெண்டையும் வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சம்பந்தி கிட்ட காட்டுங்க. புடிச்சத வச்சுக்கினு மத்தத ரெண்டு மூணு நாள்ல குடுங்க. அப்புறம் பில்லு போட்டுக்கலாம்." அப்பா கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததில் ஒரு பங்கை அவரிடம் நம்பிக்கைக்குக் கொடுத்துவிட்டு வாட்சுகளைத் துண்டில் முடிந்துகொண்டார்.

சம்பந்தியிடம் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. "இன்னா வெலைன்னு நம்ம சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும்," என்றார். மாப்பிள்ளையைக் கேட்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, "மாப்பிள்ளை கிட்ட எப்படிடி கேக்கறது?" என்று அவளையே கேட்டார். எங்களில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை.

அன்று சாயங்காலம் லைனில் பாதிப் பேர் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அப்பாவோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணன்தான் முதலில் வந்தார்.

"இன்னா மாமா, ரெண்டு வாட்சா? மாப்பிள்ளைக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணா?"

"ஒண்ணுதான்டா. எதுன்னுதான் தெரியல."

"ரெண்டையும் குடுத்துடு. கைக்கு ஒண்ணு கட்டட்டும், மாடு பூட்டின மாதிரி."

அண்ணனின் மனைவி பொத்தான் வாட்ச்தான் லட்சணம் என்றாள். எதிர்வீட்டுப் பெரியவர் தடி வாட்சைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "இன்னாப்பா, உள்ள எதுவோ உருளுது. ஒடஞ்சி கெடக்குது போல."

அப்பா பறித்து ஆட்டினார். உண்மையிலேயே உள்ளே ஏதோ கர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அதாங்க சாவி குடுக்கறது," என்றார் அண்ணன். "கை ஆடினா அது சுத்தும். கடைக்காரர் சொன்னாருன்னு நீதானே மாமா சொன்னே?"

அப்பா மூச்சு விட்டார். பிறகு தடி வாட்சை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எடுத்தபோது அது பாட்டுக்கு ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் அப்பாவுக்குத் தீரவில்லை. அவர் தண்ணீருக்குப் பயப்படவில்லை. மாப்பிள்ளை தினமும் காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கிறவர், வேர்வைதான் அவருக்குத் தொழில், அந்த வேர்வை பொத்தான் வாட்சுக்குள் போய்விட்டால் கல்யாணமாகி ஒரு மாதத்தில் வாட்ச் நின்றுபோகும், மாமனார் கொடுத்தது மட்டம் என்ற பேச்சு கோரமண்டல் முழுக்கச் சுற்றும், அந்தப் பேச்சு மகள் தலையில்தான் வந்து விழும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இருக்கிறேன் என்று தெரிந்தும்தான் சொன்னார். வேர்வையை எங்கே போய்ச் சோதிப்பது? அப்பாவுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கீழே, ஆழத்து லெவலில், நின்ற இடத்தில் நிற்கும்போதே ஆளைத் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி வேர்த்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை சோற்று டப்பாவை எடுத்தவர், வாட்சுகளையும் எடுத்தார்.

"இன்னாயா செய்யறே?" அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ஒரு ஷிப்டு. ரெண்டையும் கட்டினு வேல செஞ்சா எதுக்கு இன்னா யோக்கியதன்னு தெரிஞ்சிடும்."

"வெளியே வரும்போது சோதன பண்ணுவாங்களே."

"வாட்சு இன்னா தங்கமா? மேஸ்திரி கிட்ட நேத்தே சொல்லிட்டேன். சிரிச்சாரு, கட்டினு வாய்யான்னாரு. எல்லா ஆபீசரும்தான் கட்டினு உள்ள போறாங்க."

"நீ ஆபீசரா?"

அப்பா அவளைத் தாண்டி வந்தார். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பகல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியில் கல் பொறுக்கப் போய் அரிசியைப் பொறுக்கிக் கல்லோடு போட்டேன். அம்மா திட்டவில்லை. அவளும் வெந்த குழம்பையே திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பகல் ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள். எங்கள் லைனில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, கால் கழுவுகிற சத்தம் கேட்டது. அப்பா வரவில்லை. தங்கவயலில் ஓர் ஆள் நேரத்துக்கு வராவிட்டால் வீட்டுப் பெண்ணுக்கு என்ன தோன்றும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அம்மா தலையை முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. மேல வந்துட்டாரு."

"எங்க கீறாரு?"

"சோதன ரூம்ல நிறுத்தி வச்சிருக்காங்க."

அவர் சொன்னது இது. கீழே அப்பா கைக்கு ஒன்றாக வாட்ச் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். கூட இருந்தவர்கள் அவரை மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார். மேஸ்திரி மட்டும் முந்தின கேஜ் லிப்டிலேயே மேலே ஏறி, ஏதோ காரியமாகப் பங்காருப்பேட்டை போய்விட்டார். அப்பா கழற்றி மடியில் முடிந்திருந்த வாட்சுகளைப் பார்த்ததும் சோதனைக்காரர் கேட்டது, மரவேலைக்காரனுக்கு ஏது இரண்டு பாரின் வாட்ச்? அப்பா சொன்னார். பில் எங்கே என்றார்கள். பில் இல்லை. ஒருவர் தடி வாட்சைக் காதில் வைத்து ஆட்டியிருக்கிறார்.

"உள்ள எதுவோ உருளுதுன்னுட்டாங்க அக்கா. அதுல தங்கம் வச்சு எடுத்துனு வரான்னு சந்தேகம். செருப்பு அடில, முடில எல்லாம் வச்சு மாட்னவங்க இல்லையா, அந்த மாதிரி நெனச்சுட்டாங்க. வாட்சுக்கு உரியவன் யாரு, வந்து சொல்லட்டும், இல்லன்னா போலீஸுக்கு அனுப்பிடுவோம்னு சொல்றாங்க."

போலீஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கத் திருட்டு என்று பெயர் வந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடு போகும். என் கல்யாணம் அதற்கும் முன்பே போயிருக்கும்.

அம்மா சுரங்க வாசலுக்கு, ஷாப்ட் கேட்டுக்குப் போகக் கிளம்பினாள். அண்ணன் மேஸ்திரியைத் தேடிப் பங்காருப்பேட்டைக்கு ரயில் பிடிக்க ஓடினார். போகிற போக்கில் அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "கடைக்காரரைக் கூட்டினு வா. ஓடு."

தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டை ஒட்டின வழியில் ராபர்ட்சன்பேட்டைக்கு நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. காற்று அந்த மண்ணைத் தூக்கி முகத்தில் அடித்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதைக் கடைக்காரரே பார்த்தார்.

"இன்னாமா, அப்பா முடிவு பண்ணிட்டாரா? பொத்தானா, தடியா?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கரைந்தது. நின்றிருந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சுரங்கத்துக்குள்ள எடுத்துனு போனாரா? எதுக்கு?"

"வேர்வைக்கு..."

"கடவுளே!" அவர் தலையில் கை வைத்தார். "அம்மா, கேளு. அந்தச் சரக்கு கை மாறிக் கை மாறி வந்தது. எங்கிட்டயே பில்லு கெடையாது. நான் வந்து நின்னா அவங்க என்னைத்தான் மொதல்ல கேப்பாங்க. அப்பாவை, பெங்களூர்ல ரோட்டோரத்துல வாங்கினேன்னு சொல்லச் சொல்லு. நீ போ. யாராவது பாக்கப் போறாங்க."

நான் போகவில்லை. என்னால் அவரை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை. அப்பா உண்மையைச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் மாற்றிச் சொன்னால் அதுவே திருட்டுக்குச் சாட்சியாகிவிடும். இதை அவருக்குச் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் உள்ளே போய்த் திரையைப் போட்டுக்கொண்டார்.

தெருவில் இறங்கியபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வாட்சுக்கு உரியவன் வரட்டும் என்றார்கள் அல்லவா? அது யாருக்காக வாங்கியதோ அவர் போய்ச் சொன்னால்? பள்ளிக்கூடத்து மாஸ்டர், அவர் வார்த்தையைக் கேட்பார்கள். ஆனால் அவரிடம் போய், உங்கள் மாமனாரைத் தங்கத் திருடன் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நானே, என் வாயால், கல்யாணத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டால் சம்பந்தம் முறிந்துபோகும். சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார். நடந்துகொண்டே இருந்தேன். முடிவு செய்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கால்கள் கோரமண்டல் பக்கம்தான் போயின.

பள்ளி முடிந்து மைதானத்தில் அவர் பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கையில் கைக்கடிகாரம் இல்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று அவர் எண்ணுவது வேலி வரைக்கும் கேட்டது. ஷூவைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. எண்ணிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்து எண்ணிக்கையை விட்டுவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று கண்ட என் முகம் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னா? யாருக்கு இன்னா ஆச்சி?"

"அப்பாவ சோதனைல நிறுத்தி வச்சிருக்காங்க. உங்க வாட்சுக்காக." அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பிறகு இன்னொன்றும் சொன்னேன். "அவரு திருடல."

"எந்த வாட்சு?"

"ரெண்டு வாட்சு. எது நல்லதுன்னு பாக்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் மேலே கேட்கவில்லை. பையன்களைப் போகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். சட்டைப் பையைத் தடவி ரயில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வேலிக் கம்பத்தின் மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. "நான் முன்னால போறேன். நீ ரயில்ல வா," என்றார்.

ரயிலில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அவர் நேரே ஷாப்டுக்குப் போகிறாரா, முதலில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்கிறாரா? அவர் போன திசையை நான் பார்க்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது.

சாம்பியன் ரீப்ஸில் இறங்கி ஓடினேன். கேட்டுக்கு வெளியே அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. "மாப்பிள்ளை உள்ள போயிருக்காரு," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே. "நீ போய்ச் சொன்னியா?" நான் தலையாட்டினேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி முந்தானையால் என் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

அடுத்த சங்கு ஊதுவதற்கு முன்பு அவர்கள் வெளியே வந்தார்கள். அப்பா முன்னால், அவர் பின்னால். அப்பாவின் முகத்தில் பாறைத் தூசியும் வேர்வையும் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தன. மாப்பிள்ளை அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே நடந்ததை அப்பா வீட்டில் சொன்னார். சோதனை ஆபீசர் மாப்பிள்ளையைக் கேட்டாராம், இந்த வாட்ச் யாருடையது? எனக்காக வாங்கினது என்றாராம். எதற்கு இரண்டு? ஒன்றைப் பொறுக்கி எடுக்க. சரி, பொறுக்குவதற்குச் சுரங்கத்துக்குள் ஏன் போக வேண்டும்? மாப்பிள்ளைக்கு அது தெரியாது. அவர் அப்பாவைப் பார்த்தாராம்.

"நான் சொன்னேன், வேர்வைக்குத் தாங்குமான்னு பாக்க சார், மாப்பிள்ளை வெயில்ல நிக்கறவருன்னு. ஆபீசர் சிரிச்சாரு. சோதனைக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் மேஜையத் தட்டித் தட்டிச் சிரிக்கறான்." அப்பா நிறுத்தினார். "மாப்பிள்ளை மட்டும் சிரிக்கல."

அதன் பிறகு விட்டுவிட்டார்கள். மேஸ்திரி மறுநாள் வந்து சொன்னதில் பேச்சும் அடங்கியது. ஆனால் வாட்சுகள்? துண்டை அவிழ்த்துப் பார்த்தோம். பொத்தான் வாட்சின் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்த மாதிரி மூட்டமாக இருந்தது. முள்ளே தெரியவில்லை. அப்பா பயந்தது சரிதான், வேர்வை உள்ளே போயிருந்தது. தடி வாட்ச் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் திருப்பினால், உள்ளே தங்கம் தேடிப் பின்மூடியைப் பேனாக்கத்தியால் நெம்பித் திறந்திருக்கிறார்கள். மூடி முழுக்கக் கீறல்.

"கீழ தாங்கினது இது. மேல வந்து அடி வாங்கிடுச்சி," என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் பொத்தான் வாட்சை விளக்குச் சூட்டில் காயவைத்து, மூட்டம் போனதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். கீறின வாட்சை எடுக்க மாட்டேன் என்றார். மூடியை இறுக்கி மட்டும் கொடுத்தார். அப்படித்தான் எங்களுக்கு வாட்ச் முடிவானது. நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் எனக்கு ஒரே பயம், மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாரா? கோரமண்டலில் இருந்து யார் வந்தாலும் அடுப்படியில் நின்று ஒட்டுக் கேட்பேன். பத்திரிகை அடித்து வந்தது, புடவை எடுத்தார்கள், அவருடைய அக்கா வந்து என் கைக்கு வளையல் அளவு எடுத்துக்கொண்டு போனார். அவர்களில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததும் பயமாகத்தான் இருந்தது. தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார்களோ, மேடையில் வைத்துக் கேட்கப்போகிறார்களோ? அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் வாட்சை எடுத்துப் பின்மூடியைத் துணியால் தேய்ப்பார். கீறல் இன்னும் பளிச்சென்று தெரியும். திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார்.

முகூர்த்தத்தன்று வெற்றிலைத் தட்டில் வாட்ச் வந்தது. மணவறையில் மாப்பிள்ளை பக்கத்தில் நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாமியார் வாட்சை எடுத்தது தெரிந்தது. கையில் எடை பார்த்தார்கள். "நல்ல கனம்," என்றார்கள். பிறகு திருப்பினார்கள்.

"இன்னாடா இது? பின்னால பூரா கீறிக் கெடக்குது? யாரோ கட்டிக் கழட்டினதா?"

பேச்சுச் சத்தம் குறைந்தது. அவர்கள் பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மணவறை ஓரத்தில் மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்தது. உண்மையைத்தான் சொல்வார், அவருக்கு வேறு தெரியாது.

"நான்தாம்மா தெறந்தேன்," என்றார் என் பக்கத்தில் இருந்தவர். "உள்ள எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னு தோணிச்சி. முன்னாடியே மாமா கிட்ட வாங்கிப் பாத்துட்டேன்."

மாமியார் மகனையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள்.

"தாலி கட்டறதுக்கு முந்தியே தெறந்து பாத்துட்டியா? இன்னும் இன்னா இன்னாத்தை எல்லாம் பாத்து வச்சிருக்கே?"

பந்தலே சிரித்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அப்பா சிரிக்க ஆரம்பித்தார், பெரிய சத்தமாக, நிறுத்தத் தெரியாமல். அம்மா அவர் முழங்கையைக் கிள்ளியதைப் பார்த்தேன். என் முகம் மாலைக்குள் போய்விட்டது.

மைத்துனன் முறைக்கு ஒருவர் வாட்சைக் கட்டிவிட வந்தார். வார் பூட்டுவதற்கு நேரமானது, மாப்பிள்ளையின் மணிக்கட்டு நிலையாக நிற்கவில்லை. "இன்னா மாஸ்டர், கையை ஆட்டாதீங்க," என்றார் கட்டுகிறவர். "சாவி குடுக்கறேன்," என்றார் இவர். அதற்கும் சிரித்தார்கள். அந்தக் கை நடுங்குவதை அத்தனை கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். தன் தாயிடம் பொய் சொன்ன பயம் அது. அவருக்கும் என்னைப் போலவே பயமாகத்தான் இருந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது. நான் நிமிர்ந்து அவர் முகத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன்.